கட்டட வேலையும் நீரோடைகளும்: மண்ணை மனையிலேயே நிறுத்தும் முறைகள்

ஒரு கட்டடத்தை எழுப்பத் திட்டமிடுவோர் செங்கல், சிமெண்டு, இரும்பு, மணல் ஆகியவற்றின் அளவை முன்கூட்டியே கணித்து எழுதிக்கொள்கின்றனர். வேலை நடைபெறும் மனையிலிருந்து மழைநீரோடு வெளியேறும் மண்ணின் அளவை மட்டும் பெரும்பாலும் எவரும் எழுதிவைப்பதில்லை. அம்மண் சென்று சேருமிடம் அருகிலுள்ள ஓடை; அதன் வழியாக ஏரி அல்லது சதுப்பு நிலம்; அதன்பின் ஆறு. ஒரு மனையிலிருந்து செல்வது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதியில் பல மனைகளில் ஒரே காலத்தில் வேலை நடைபெறுமாயின், ஓடையின் ஆழம் குறைகிறது. ஏரியின் கொள்ளளவு சுருங்குகிறது. அடுத்த பெருமழையில் வெள்ளம், புதிதாகக் கட்டிய வீடுகளுக்குள்ளேயே புகுகிறது.

இதனைத் தடுக்கும் வழிகள் பல உள. அவை யாவும் ஒரே உண்மையின்மீது நிற்பவை: மண் நீரில் கலந்த பிறகு அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம், கலவாமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு. இவ்வுண்மைக்குரிய விஞ்ஞானக் காரணத்தையும், அதிலிருந்து பெறப்படும் நடைமுறைகளையும் இங்கே காண்போம்.

மழைத்துளியின் வலிமை

பெருமழையின்போது விழும் பெரிய துளி 5 மில்லிமீட்டர் வரை குறுக்களவு உடையது. அது நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டர். புல்லும் சருகும் மூடிய நிலத்தில் இவ்வேகம் இலைகளின்மீதே அடங்கிவிடுகிறது. புல்லை நீக்கிச் சமன்செய்யப்பட்ட மனையிலோ, ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டியைப் போல மண் கட்டிகளை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் நிலத்தின் துளைகளை அடைத்துக்கொள்வதால் நீர் உள்ளிறங்குவது குறைகிறது. உள்ளிறங்காத நீர் மேற்பரப்பில் ஓடத் தொடங்குகிறது. முதலில் மெல்லிய படலமாகவும், பின்னர் சிறு கால்களாகவும், இறுதியில் மண்ணை அறுக்கும் வாய்க்கால்களாகவும் அது வடிவெடுக்கிறது.

ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் குறுக்களவு ஏறத்தாழ நான்கு மடங்காகவும், எடை 64 மடங்காகவும் உயரும் என்பது நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. ஆகவே சரிவின் நீளத்தையும் செங்குத்தையும் சிறிதளவு குறைத்தாலும் பயன் பெரிதாக இருக்கும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 1 ஹெக்டேர் பரப்புள்ள மனையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீரின் அளவு 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். இதில் பாதி வெளியே ஓடுவதாகவும், ஒவ்வொரு லிட்டரிலும் 5 கிராம் மண் கலந்திருப்பதாகவும் கொண்டால், அந்த ஒரே மழையில் 1,250 கிலோகிராம் மண் மனையை விட்டு நீங்குகிறது.

துகள் படியும் வேகம்

கலங்கிய நீரைத் தொட்டியில் நிறுத்திவைத்தால் தெளிந்துவிடாதா என்று கேட்கலாம். இதற்கு விடை அளிப்பது, 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் விஞ்ஞானி வகுத்த விதி. அதன்படி, அசைவற்ற நீரில் ஒரு நுண்துகள் கீழிறங்கும் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நுண்மணல் 1 மீட்டர் ஆழம் இறங்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். 0.02 மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் தேவை. 0.002 மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகளுக்கோ மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். அதுவும் நீர் முற்றிலும் அசைவற்றிருந்தால் மட்டுமே.

இக்கணக்கைப் படிவுத் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். மேற்கூறிய 1 ஹெக்டேர் மனையில் மணிக்கு 30 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்து, அதில் 60 சதவிகிதம் ஓடி வருமாயின், தொட்டிக்குள் வினாடிக்கு 50 லிட்டர் நீர் புகும். தொட்டியின் மேற்பரப்பை, வரும் நீரின் அளவைத் துகள் படியும் வேகத்தால் வகுத்துப் பெறலாம். 0.02 மில்லிமீட்டர் துகளைப் பிடிப்பதற்குச் சுமார் 140 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி போதும். 0.002 மில்லிமீட்டர் களிமண்ணைப் பிடிப்பதற்குத் தேவைப்படும் பரப்பு ஏறத்தாழ 14,000 சதுர மீட்டர். மனையைவிடத் தொட்டி பெரிதாகிவிடுகிறது!

வீட்டில் கலங்கிய குடிநீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை இழைப்பதும் படிகாரம் இடுவதும் நாம் அறிந்தவையே. இவை நுண்துகள்களைத் திரளச் செய்து விரைவில் படியவைக்கின்றன. ஆனால் குடத்துக்கு ஏற்ற முறை ஓடைக்கு ஏற்றதன்று. அளவு மிஞ்சிய படிகாரம் நீரை அமிலத்தன்மை உடையதாக்கும். அதிலுள்ள அலுமினியம் மீன்களுக்குத் தீங்கு விளைவிக்கும். ஆகவே படிவுத் தொட்டி மணலுக்கும் பருவண்டலுக்கும் மட்டுமே காவல். களிமண்ணுக்குக் காவல், நிலத்தின்மீது உள்ள மூடாக்கு ஒன்றே.

நீர்வாழ் உயிர்களுக்கு நேர்வது

கலங்கல் நீரின் நிறத்தை மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. சூரிய ஒளி ஆழத்திற்குச் செல்லாமையால் நீரடித் தாவரங்கள் உணவு தயாரிக்க இயலாமல் நலிகின்றன. நுண்துகள்கள் மீன்களின் செவுள்களில் படிந்து சுவாசத்தைத் தடை செய்கின்றன. கற்களிடையே இடப்பட்ட முட்டைகளின்மீது வண்டல் படிந்தால், அவற்றுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. தும்பியின் இளம்பருவப் பூச்சிகள் முதலான அடித்தள உயிர்களும் புதையுண்டு போகின்றன. மேலும் களிமண் துகளோடு ஒட்டிச் செல்லும் பாஸ்பேட்டு, ஆகாயத்தாமரை போன்ற களைகளுக்கு உரமாகிறது.

சதுப்பு நிலத்துக்கு நேரும் தீங்கு இதனினும் நீடித்தது. சதுப்பு நிலம் வெள்ள நீரைப் பஞ்சுபோல் ஏற்றுச் சிறிது சிறிதாக வெளிவிடும் இயல்புடையது. அங்கே நீரின் வேகம் மிகவும் குறைவாதலால், வரும் வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. ஓடையில் படிந்த வண்டலை அடுத்த வெள்ளம் ஓரளவு அடித்துச் செல்லக்கூடும். சதுப்பு நிலத்தில் படிந்தது பெரும்பாலும் நிலைத்துவிடும்.

பெங்களூரின் ஏரித்தொடர்

இப்பிரச்சினையைத் தெளிவாகக் காண்பதற்குப் பெங்களூர் நகரம் தக்க உதாரணம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின்மீது அந்நகரம் அமைந்துள்ளது. அருகில் வற்றாத பேராறு இல்லாமையால், முன்னோர் பள்ளத்தாக்குகளின் குறுக்கே கரைகளை எழுப்பி, ஏரிகளைத் தொடராக அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர், கன்னடத்தில் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய் வழியாக அடுத்த ஏரியை அடைகிறது. நகரத்தின் மிகப் பெரிய ஏரியாகிய பெல்லந்தூர் ஏரியிலிருந்து வழியும் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினி ஆற்றுக்கும் செல்கிறது. அவ்வாறே தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்னும் பெயருடன் பாய்கிறது. நகரத்தின் மேற்குப் பகுதி நீரோ, விருஷபாவதி வழியாக அர்க்காவதியையும், அதன் வழியாகக் காவிரியையும் அடைகிறது.

இத்தகைய தொடரில் ஓர் ஏரி தூர்ந்தால் அதன் விளைவு அவ்வேரியோடு நிற்பதில்லை. மேல் ஏரி தாங்கமுடியாத வெள்ளத்தைக் கீழ் ஏரி தாங்கவேண்டியதாகிறது. நகரம் வளர்ந்த காலத்தில் ஏரிகள் சில முழுமையாகவே மறைந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கமும் உள்ளன. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையின்போது நகரத்தின் கிழக்குப் பகுதியில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. வெளிவட்டச் சாலையிலும் புதிய குடியிருப்புகளிலும் வெள்ளம் தேங்கியது. அதற்குக் காரணங்கள் பல. அளவுக்கு மிஞ்சிய மழை, குறுகலாக்கப்பட்ட கால்வாய்கள், தாழ்நிலத்தில் எழுந்த கட்டடங்கள் ஆகியவற்றோடு, கால்வாய்களில் படிந்த மண்ணும் இடிபாடுகளும் சேர்த்து எண்ணத்தக்கவை.

தோண்டியெடுக்கும் மண்ணின் அளவையும் நினைவிற்கொள்ள வேண்டும். அரை ஹெக்டேர் பரப்பில் 6 மீட்டர் ஆழத்துக்கு நிலத்தடித் தளம் தோண்டினால் 30,000 கன மீட்டர் மண் வெளிவருகிறது. ஒரு லாரி 10 கன மீட்டர் ஏற்றுமாயின் அது 3,000 லாரிச் சுமை. இம்மண்ணைக் கொட்டுவதற்கு இடம் முன்னரே நிச்சயிக்கப்படாவிடில், அது இரவோடிரவாக ஏதேனும் ஓர் ஏரிக்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ சென்று சேரும்.

வேலை தொடங்குமுன்

முதலாவதாக, மனையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நீர் செல்லும் வழிகளைக் கண்டறிதல் வேண்டும். கோடையில் மட்டும் மனையைப் பார்வையிடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். ஏப்ரலில் வெடித்துக் கிடக்கும் தரிசு, செப்டம்பரில் நீர் நிற்கும் சதுப்பாக இருக்கலாம். கோரையும் சம்பும் வளர்ந்திருத்தல், கரிய அல்லது சாம்பல் நிற மண்ணில் துருநிறப் புள்ளிகள் தென்படுதல், மரத்தின் அடியில் பழைய நீர்மட்டக் கறை காணப்படுதல் ஆகியவை அடையாளங்கள். கிராமத்து நில அளவை வரைபடத்தில் ஓடைகளும் கால்வாய்களும் குறிக்கப்பட்டிருக்கும். அதனோடு அப்பகுதியில் நெடுங்காலம் வாழும் உழவர்களையும் மீனவர்களையும் கேட்டறிதல் நன்று.

இரண்டாவதாக, ஓடைக்கும் வேலைக்கும் இடையே புல்லும் புதரும் உள்ள ஒரு பட்டையை வேலியிட்டுக் காக்க வேண்டும். புற்பட்டை நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலை வடிகட்டுகிறது. அதன்மீது செங்கல் அடுக்குவதும் லாரி செல்வதும் கூடா.

மூன்றாவதாக, முழு மனையையும் ஒரே நாளில் வெறுமையாக்கலாகாது. எப்பகுதியில் வேலை உடனே தொடங்குமோ அப்பகுதியை மட்டும் துப்புரவு செய்க. பெங்களூர்ப் பிரதேசத்தில் மே மாதத்து இடிமழையும், அதன்பின் அக்டோபர் வரை நீளும் மழையும் மண்ணரிப்பை மிகுவிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களே ஓடையருகில் மண்வேலைக்கு ஏற்றவை. பிற பிரதேசங்களில் அவ்வவ்விடத்து மழைக்காலத்தையறிந்து காலத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை நடைபெறும்போது

மேற்புறத்திலிருந்து வரும் தெளிந்த நீரை மனைக்குள் புகவிடாமல், மனையின் உச்சியில் சிறு வாய்க்கால் வெட்டி ஒருபுறமாகத் திருப்பிவிட வேண்டும். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சேராதிருத்தல் முதல் விதி. இதனால் கையாள வேண்டிய கலங்கல் நீரின் அளவு பெரிதும் குறைகிறது.

வெட்டிய சரிவுகளையும் மண் குவியல்களையும் மூடிவைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் அரைக் கிலோகிராம் வைக்கோல் பரப்பினால் துளியின் அடி மண்ணில் படாது. செங்குத்தான சரிவில் வைக்கோல் வழுக்கிவிடுமாகையால், தென்னை நார்க் கயிற்றுப் பாயை முளையடித்து விரித்து, அதனூடே புல் விதைப்பது நலம். பாய் மட்கிப்போவதற்குள் புல்வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். வெட்டிவேரும் அறுகும் இதற்கு மிகவும் உதவுபவை. மேல்மண்ணைத் தனியே குவித்து, கித்தான் போர்த்தி, ஓடைக்கு எதிர்ப்புறத்தில் வைத்திருந்தால், வேலை முடிந்தபின் தோட்டத்துக்கு அதுவே உதவும்.

வடிகாலில் ஓடும் நீரின் வேகத்தைக் குறைப்பதற்குக் கற்களாலான சிறு தடுப்பணைகளை இடையிடையே அமைக்கலாம். மேல் அணையின் அடிமட்டமும் கீழ் அணையின் உச்சிமட்டமும் ஒன்றாக இருக்குமாறு இடைவெளியை நிர்ணயிப்பது வழக்கம். நூற்றுக்கு 5 சரிவுள்ள வடிகாலில் அரை மீட்டர் உயர அணைகளை 10 மீட்டருக்கு ஒன்றாக அமைத்தல் வேண்டும். அணையின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லாவிடில் நீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு செல்லும்.

மனையின் கீழ்எல்லையில் துணிவேலி கட்டுவதும் பயன் தரும். துணியின் அடிப்பகுதி சுமார் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும்; இல்லாவிடில் நீர் அடியில் நுழைந்து சென்றுவிடும். வேலியைச் சமமட்டக் கோட்டின்வழியே அமைத்தல் வேண்டும். ஓடையின் குறுக்கே துணிவேலி கட்டுவது பெரும் தவறு. முதல் வெள்ளமே அதைச் சாய்த்துச் சேகரித்த மண் அனைத்தையும் அடித்துச் செல்லும்.

படிவுத் தொட்டி நீளமானதாக, அகலத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத நீளத்துடன் இருத்தல் நன்று. நீர் புகும் வாயும் வெளிச்செல்லும் வாயும் எதிரெதிர்க் கோடிகளில் இருக்க வேண்டும். வெளிச்செல்லும் நீர் மேற்பரப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். தொட்டியில் பாதி நிரம்புமுன் வண்டலை வாரி, மீண்டும் நீரில் சேராத இடத்தில் கொட்டவேண்டும். நிலத்தடித் தளத்திலிருந்து இறைக்கும் நீரையும் இத்தொட்டிக்குள்ளோ புல்வெளியின்மீதோதான் விடவேண்டும். நேரே மழைநீர்க் கால்வாயில் விடலாகாது. லாரிகள் வெளியேறும் வாயிலில் உடைகல் பரப்பிவைத்தால், சக்கரங்களில் ஒட்டிய சேறு சாலைக்கும் அதன்வழியே கால்வாய்க்கும் செல்வது குறையும்.

சிமெண்டு நீரும் எண்ணெயும்

மண் கண்ணுக்குத் தெரியும். சிமெண்டு நீரின் தீங்கோ கண்ணுக்குத் தெரியாது. கான்கிரீட்டு கலக்கும் இயந்திரத்தைக் கழுவிய நீரின் பி.எச். அளவு 12-க்கும் மேற்பட்டிருக்கும். மீன் வளர்ச்சிக்கு ஏற்ற நீரின் பி.எச். 6.5 முதல் 8.5 வரை என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ளது. இவ்வளவீட்டில் ஒவ்வோர் எண் உயர்வும் பத்து மடங்கு மாற்றத்தைக் குறிப்பதால், 8-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு பதினாயிரம் மடங்காகும். ஆகவே நீர் கசியாத குழியொன்றை ஓடையிலிருந்து தொலைவில் அமைத்து, கழுவிய நீரை அதில் விட்டு, அடியில் படிந்தது இறுகியபின் கட்டட இடிபாடுகளோடு அகற்ற வேண்டும்.

டீசல் பீப்பாய்களைச் சுற்றி, பீப்பாயின் முழு அளவைவிடப் பத்து சதவிகிதம் கூடுதலாகக் கொள்ளும் வரப்பு அமைத்தல் முறை. தொழிலாளர் குடிசைகளுக்குக் கழிவறையும் குடிநீரும் முதல் நாளிலேயே ஏற்பாடு செய்யப்பட வேண்டும். இவ்வசதிகளை அளியாமல், ஓடை அசுத்தமாவதற்குத் தொழிலாளர்மீது குறை கூறுவது நியாயமன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிசோதனை

மூன்று தகரத் தட்டுகளை எடுத்துக்கொள்க. முதல் தட்டில் வெறும் மண்ணையும், இரண்டாவதில் வைக்கோல் மூடிய மண்ணையும், மூன்றாவதில் வேருடன் பெயர்த்த புற்கரணையையும் ஒரே கனத்தில் பரப்புக. மூன்றையும் ஒரே சரிவில் சாய்த்து, ஒவ்வொன்றின்மீதும் பூவாளியால் 2 லிட்டர் நீர் ஊற்றி, வழியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிச் சீசாக்களில் பிடிக்குமாறு மாணவர்களிடம் கூறுக. நீரின் அளவையும் கலங்கலையும் ஒப்பிட்டபின், சீசாக்களை அசைக்காமல் வைத்து, இரண்டு நிமிடம், ஒரு மணி, ஒரு நாள், மூன்று நாள் ஆகிய இடைவெளிகளில் படிந்த அளவைக் குறித்து வரச் செய்க. ஸ்டோக்ஸ் விதியை மாணவர்கள் தாமே கண்ணால் காண்பர்.

களப்பணியாளரும் இதே முறையைப் பின்பற்றலாம். மழை நின்ற ஒரு மணிக்குள், மனைக்கு மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் ஓடைநீரை ஒவ்வொரு சீசாவில் எடுத்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டிவைத்தால், கட்டுவோரிடம் வாதிப்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

சட்டமும் நடைமுறையும்

சதுப்பு நிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம் 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவாயிற்று. இந்தியா அதில் 1982-இல் சேர்ந்தது. இந்திய அரசு 2017-இல் வெளியிட்ட சதுப்பு நிலப் பாதுகாப்பு விதிகள், அவ்விதிகளுக்கு உட்பட்ட நிலத்தைப் பிற உபயோகத்துக்கு மாற்றுவதையும், அதில் குப்பை கொட்டுவதையும், சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்புவதையும் தடை செய்தன. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் ஆற்றுப் படுகைகளும், நெல்வயல்களும், பாசனத்துக்கோ குடிநீருக்கோ மனிதர் வெட்டிய ஏரிகளும் அவ்விதிகளின் வரையறைக்குள் சேர்க்கப்படவில்லை என்பதைக் களப்பணியாளர் மறத்தலாகாது. அவற்றுக்கு மாநிலச் சட்டங்களும் நகரத் திட்ட விதிகளுமே துணை. எனவே ஒவ்வொரு மனைக்கும் எவ்விதி பொருந்தும் என்பதை உள்ளூர் அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

விதி பொருந்துவதாயினும் பொருந்தாததாயினும், மழைத்துளியின் வேகமும் களிமண் படியும் காலமும் மாறுவதில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் ஒவ்வொரு மனைக்கும் சென்று, மூடப்படாத சரிவு எது, மேற்புற வாய்க்கால் வெட்டப்பட்டதா, தொட்டியில் வண்டல் வாரப்பட்டதா, தோண்டிய மண் எங்கே சென்றது என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டு விடையை எழுதிக்கொள்க. முதல் பெருமழைக்கு மறுநாள் மீண்டும் சென்று, எழுதியதையும் ஓடைநீரையும் ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு வைக்கோல் கட்டின் விலையில் அன்று தடுக்கப்படும் மண்ணைப் பிற்காலத்தில் ஏரியிலிருந்து தூர் வாரி எடுப்பதற்கு, அவ்வூர் மக்கள் பன்மடங்கு செலவிட வேண்டியிருக்கும்.